காரைக்கால்மேட்டில் கொலம்பஸ் இறங்கிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசியவருக்கு மைக்கை விட மனசில்லை. என் முறை வந்து, நான் "கொலம்பஸ்" என்று வாயைத் திறந்ததும் பின்வரிசையில் பிரியாணி அண்டா வந்து இறங்கிவிட்டது. அந்த வாசனைக்கு முன்னால் கொலம்பஸ் எம்மாத்திரம்? நீங்கள் எழுந்து போனதில் எனக்குக் கோபமில்லை, நானும்தான் உங்களோடு வரிசையில் நின்றேன். ஆனால் ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் எனக்குச் சோறு செரிக்காது. அதனால் மீதியை எழுதி அனுப்புகிறேன்.

பாடத்திட்டம், கரும்பலகை, மதிப்பெண் போடும் விதம் இதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது, என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மத்தியான நேரத்தில் அமெரிக்காவைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டு, காரைக்கால்மேட்டு மீனவர் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்ட கதை. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் சமூக அறிவியல் டீச்சர். பிறந்தது திருநள்ளாறு பக்கம் வயல்வெளியில், குடியிருப்பது தலத்தெருவில். வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டார்கள் என்று பங்காளியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திய குடும்பம் எங்களுடையது. ஆனால் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காணும் பொங்கலுக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருவதுதான். கதைக்கு இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் அமெரிக்காவின் ஆதிக் குடிகளும் ஐரோப்பியர் வருகையும் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் கப்பலில் வந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் படம். அவர்கள் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. பனியுகத்தில் கடல் உள்வாங்கிக் கிடந்தபோது ஆசியாவிலிருந்து வேட்டைக்காரக் கூட்டங்கள் கால்நடையாகவே அந்தப் பக்கம் போனார்கள், தலைமுறை தலைமுறையாகத் தெற்கே பரவினார்கள், ஊர் கட்டினார்கள், நகரம் கட்டினார்கள், மக்காச்சோளம் விளைவித்தார்கள் என்று நான் என் கைச்சரக்கைச் சேர்த்துச் சொன்னேன். அப்போது ஜுலைகா எழுந்தாள். டவுனில் கடை வைத்திருந்த குடும்பம், வாப்பா துபாயில் இருந்தார். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

"ஏற்கெனவே வூட்ல ஆள் இருக்காங்க டீச்சர். இவரு கதவத் தொறந்து எட்டிப் பாத்துட்டு, இந்த வூட்ட நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொன்னாரா?"

வகுப்பே சிரித்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்த மக்கள் பயிரிட்டு உலகத்துக்குக் கொடுத்தவை, அதற்கு முன்னால் நம் ஊரில் மிளகாயே கிடையாது என்று சொல்லிவைத்தேன். பிள்ளைகளுக்கு அதிர்ச்சி. மிளகாய் இல்லாமல் மீன்குழம்பா என்று பாதிப் பேர் தங்கள் முன்னோருக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்கள். மிளகுதான் போட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து வரும் கவியரசன் மட்டும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிளகாய் கொடுத்தவர்களுக்கு ஒரு பத்திதானா என்று கேட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதிகாரி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். செய்து கற்றல், நடித்துக் கற்றல் என்றெல்லாம் அதிகாரி பிரியப்படுகிறாராம், யாராவது ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினார். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். கொலம்பஸ் வந்து இறங்குவதைக் கடற்கரையிலேயே, நிஜப் படகில், நிஜ அலையில் நடித்துக் காட்டிவிடலாம் சார் என்றேன். மற்ற ஆசிரியர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே அடங்கியிருக்க வேண்டும்.

பாத்திரம் பிரிக்கும்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. எல்லாருக்கும் கொலம்பஸ் வேண்டும். அவர் முதலில் போய் இறங்கிய தீவின் மக்களாக நடிக்க ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வசனம் கிடையாது. வந்தவர்களை வேடிக்கை பார்க்க வேண்டும், பஞ்சு நூலும் கிளியும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொலம்பஸ் வேடம் திருவேட்டக்குடி சங்கீதாவுக்குப் போனது. அவள் அப்பா குமரவேல்தான் தன் ஃபைபர் போட்டைத் தருகிறேன் என்றவர். "போட்டு எங்களுது டீச்சர். நான்தான் கொலம்பஸ்" என்று அவள் சொன்னபோது வரலாறு முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. குரலும் அவளுக்குத்தான் பெரிசு. எட்டாவது வகுப்பில் அவள் பேசினால் மூன்றாவது வகுப்பில் பதில் சொல்வார்கள்.

கவியரசனைத் தீவுத் தலைவனாக்கினேன். தைனோ என்று அந்த மக்களுக்குப் பெயர், ஒற்றை மரத்தைக் குடைந்து படகு செய்து தீவுக்குத் தீவு போய் வந்தவர்கள், உன்னைப் போலவே கடல்காரர்கள் என்று அவனுக்கு ஐஸ் வைத்தேன். இலைதழை கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, கடல்காரன் எதற்கு இலை கட்டுகிறான் என்று கேட்டு, கழுத்தில் ஒரு சிப்பி மாலையும் தோளில் ஒரு துண்டுமாக வந்து நின்றான். அதோடு விடவில்லை. தலைவன் என்றால் ஒரு வசனமாவது வேண்டும் என்று அடம்பிடித்தான். சரி, கொலம்பஸ் படகை விட்டு இறங்குமுன் நீ கையை நீட்டி "வாருங்கள்" என்று சொல் என்றேன். அந்த ஒரு சொல்லை அவன் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தான். கழிப்பறைப் பக்கம் போனால்கூட "வாருங்கள்" என்று சத்தம் கேட்கும், நான் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன்.

ஜுலைகாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேடம். கொலம்பஸ் இந்தியப் பக்கம்தான் போகிறோம் என்று நினைத்து, அரபி தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போனார். கிழக்கே யாருக்காவது அரபி புரியும் என்று நம்பிக்கை. போய்ச் சேர்ந்ததோ வேறு உலகம், அந்த ஆளின் அரபி ஒருவருக்கும் புரியவில்லை. இதைச் சொன்னதும் ஜுலைகா துள்ளிக் குதித்தாள். வாப்பாவுக்குப் போன் போட்டு, நாங்கள் கடல் தாண்டி வருகிறோம், உங்கள் தலைவர் யார் என்பதையெல்லாம் அரபியில் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள்.

உடுப்புக்கு, கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பவர்களிடம் கடன் வாங்கினோம். தோளில் தங்கக் குஞ்சம் வைத்த சிவப்புக் கோட்டு சங்கீதாவுக்கு முழங்கால் வரை வந்தது. பழைய போர்வையில் பச்சைச் சிலுவை வரைந்து, ஒரு சவுக்குக் கம்பில் கட்டினால் ஸ்பெயின் நாட்டுக் கொடி. எல்லாம் தயார்.

குமரவேல் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். நண்டு வலை விட்டுவிட்டு வருகிறேன், பொழுது சாய்வதற்குள் போய் எடுத்தாக வேண்டும், விட்டால் இழுவைப் படகுகள் அந்தப் பக்கம் வந்து வாரிக்கொண்டு போய்விடும் என்றார். அத்தனையும் புது வலை. அந்த வருடம் முழுக்க அந்த வலைதான் அந்த வீட்டுக்குச் சோறு. "நாலு மணிக்கு போட்டு உங்க கையில இருக்கும், இது என் பொறுப்பு" என்று நான் சொன்னேன். டீச்சர் சொல்லிவிட்டால் சரி என்று அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மத்தியானம் டவுன் கடற்கரைக்குப் போனால், அங்கே பெரிய பந்தல் போட்டு ஏதோ விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காது கிழிகிறது. இந்தச் சத்தத்தில் கொலம்பஸ் மட்டுமல்ல, கடற்படையே வந்து இறங்கினாலும் எடுபடாது. அதிகாரி மூன்று மணிக்கு வந்துவிடுவார். தலைமையாசிரியர் என்னைப் பார்க்கிறார், நான் கவியரசனைப் பார்க்கிறேன். அவன், "எங்க ஊர்க் கரைக்கு வாங்க டீச்சர், இடம் கெடக்கு" என்றான். தீவு மக்களைப் பள்ளி வேனில் ஏற்றினேன். கொலம்பஸ் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு படகில் வந்துகொண்டிருந்த குமரவேலுக்குப் போன் போட்டு, இன்னும் தெற்கே வாருங்கள், கரையில் காலியாக ஓர் இடம் இருக்கிறது, நாங்கள் அங்கே நிற்கிறோம் என்றேன். காற்றுச் சத்தத்தில் அவர் சரி சரி என்றது மட்டும் கேட்டது.

வேனில் போகும்போது கவியரசன் என் பக்கம் குனிந்து, "எங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்புடவா டீச்சர்?" என்று கேட்டான். அவன் மாமாதான் அந்த ஊர் நாட்டார், அதாவது மீனவர் பஞ்சாயத்துக்குத் தலைவர். அரை மணி நேர நாடகத்துக்கு யாரிடமடா சொல்ல வேண்டும், கடற்கரை எல்லாருக்கும் பொதுதானே என்று அவன் வாயை அடைத்தேன். வரப்புக்குச் சண்டை போட்ட குடும்பத்துப் பெண் சொன்ன சொல் இது.

காரைக்கால்மேட்டுக் கரையில் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. வலை பின்னும் கொட்டகையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அப்பால் மணல் வெறிச்சென்று கிடந்தது. என் கண்ணுக்குக் காலி. தீவு மக்களை வரிசையாக நிற்க வைத்தேன். கவியரசன் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான். படகு வந்தது. அடடா, என்ன காட்சி தெரியுமா? வெயிலில் தங்கக் குஞ்சம் மின்ன, முன்பக்கத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சங்கீதா. பின்னால் பேண்டு தொப்பிகளோடு ஸ்பானிய மாலுமிகள், அவர்களில் ஒருவன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். வரலாற்றிலும் யாராவது எடுத்திருப்பார்கள்.

ஒத்திகையில் சொன்னதையெல்லாம் சங்கீதா உற்சாகத்தில் மறந்துவிட்டாள். கவியரசன் "வா" என்று வாயெடுப்பதற்குள் தண்ணீரில் குதித்து, ஓடி வந்து, மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டு, வாய்க்குள் போன மணலைத் துப்பி, சவுக்குக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கிக் குத்தினாள். "இந்த நிலம் இன்று முதல் எங்கள் அரசருக்கும் அரசிக்கும் சொந்தம்" என்று கத்தினாள் பாருங்கள், வலைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஊர் நின்றது. நாட்டார் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, கையில்லாத பனியன், காதில் பீடித்துண்டு. கோபமாக எல்லாம் இல்லை. படகில் வந்தவர்களுக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு குடமும் சொம்பும் வந்தன. கொலம்பஸ் முதல் வாந்தியெடுத்த மாலுமி வரை எல்லாரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"எந்த ஊரு?"

"ஸ்பெயின்" என்றாள் சங்கீதா. வேடத்தைக் கலைக்கக் கூடாது என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"யாரு அனுப்புனா?"

"அரசியார்."

இந்த இடத்தில் தன் முறை வந்துவிட்டதாக ஜுலைகா நினைத்துக்கொண்டாள். முன்னால் வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி, வாப்பா சொல்லிக்கொடுத்த அரபியை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கூட்டத்தில் பஹ்ரைனில் பல வருடம் மீன்பிடி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் ஒருவர் நின்றிருந்தார். அவர் சலாமுக்குப் பதில் சலாம் சொல்லி, அரபியிலேயே நலம் விசாரித்து, தலைவர் இவர்தான் என்று நாட்டாரைக் கைகாட்டி, சாப்பிட்டாயா என்றும் கேட்டார். ஜுலைகா ஆடிப்போய்விட்டாள். "டீச்சர், புரியுதாம் டீச்சர்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கொலம்பஸின் ஆளுக்குக் கிடைக்காதது எங்கள் பிள்ளைக்குக் காரைக்கால்மேட்டில் கிடைத்துவிட்டது.

நான் சிரித்துக்கொண்டே நாட்டாரிடம் போய், இது நாடகம், பாடத்துக்காகச் செய்கிறோம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நாடகம்னு தெரியிது டீச்சர். ஆனா கம்பு நெசக் கம்புல்ல?"

அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கரையில் ஒருவர் கம்பு நட்டால், இந்த இடத்தில் படகு ஒதுக்கவும் வலை இழுக்கவும் எனக்குப் பாத்தியதை உண்டு என்று கேட்பதாக அர்த்தமாம். ஊராரே ஊரைக் கேட்டுத்தான் நடுவார்கள். வெளியூர்ப் படகு சொல்லாமல் வந்து நட்டால், அந்த ஊர் நாட்டார் வந்து பேசி அழைத்துப்போகும்வரை படகு இங்கேதான் நிற்கும். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம், சாப்பாடு போடுகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

குமரவேல் தன் ஊர் நாட்டாருக்குப் போன் போட்டார். அவர் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார், மறுநாள்தான் வருவாராம். குமரவேல் போனை மடியில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்தார். "நீங்க சொல்லி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அவர் வலை அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ கிடக்கிறது, என் பொறுப்பு என்று நான் சொன்ன சொல்லும் அதோடு கிடக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. தலைமையாசிரியர் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். பேண்டு உடுப்பில் பிள்ளைகள், சுற்றி ஊர் ஜனம், நடுவே கொடிக்கம்பு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நாட்டார். அதிகாரி இதையெல்லாம் நாடகம் என்றே நினைத்துக்கொண்டார். நாட்டாரைச் சுட்டிக்காட்டி, "அந்தப் பெரியவர் யாருங்க, கொஞ்சம்கூட நடிக்கிற மாதிரியே இல்லையே" என்று பாராட்டினார். பெற்றோர் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று தலைமையாசிரியர் கூசாமல் சொன்னார். அப்படியொரு பதில் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

நான் நாட்டார் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, வலை விஷயத்தைச் சொன்னேன். வலை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. யாருடைய வலையாக இருந்தாலும் கடலில் போகக் கூடாது, ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டையும் நான் ஒருவனாக மீற முடியாது என்று தவித்தார். பின்னால் நின்ற பஞ்சாயத்தாரோடு கூடிப் பேசிவிட்டு வந்தார். ஒரு வழி இருந்தது. நட்டவர்களே கம்பைப் பிடுங்க வேண்டும். திரும்பத் தண்ணீருக்குள் போய், இறங்கலாமா என்று ஊரைக் கேட்க வேண்டும். இந்த ஊர் ஆள் ஒருவர் வாருங்கள் என்று சொல்லிவிட்டால் அவர்கள் விருந்தாளி. விருந்தாளியின் படகை யாரும் பிடித்து வைப்பதில்லை.

எனக்கு உயிர் வந்தது. சங்கீதாவிடம் ஓடி, கம்பைப் பிடுங்கு என்றேன். அவள் கம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"கொலம்பஸ் பிடுங்கலையே டீச்சர். தப்பாயிடும்ல? மார்க்கு போயிடும்."

பாருங்கள், நான் ஒழுங்காகத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். பின்னாலிருந்து தலைமையாசிரியர், அதிகாரிக்கு வரலாறு நன்றாகத் தெரியும் டீச்சர், பாடத்தில் உள்ளபடியே முடித்துவிடுங்கள் என்று என் காதில் சீறினார். முன்னால் கொலம்பஸ், பின்னால் தலைமையாசிரியர், நாற்காலியில் அதிகாரி. புத்தகத்தில் உள்ளபடி அந்தக் கம்பு நின்றால் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர். நிற்காவிட்டால் குமரவேலுக்கு வலை. இதற்கு யோசனை எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். பிள்ளைகளே, அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யோசனை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அப்புறம் குமரவேலைப் பார்த்தேன். அவர் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கீதாவும் என் பார்வை போன பக்கம் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பிடுங்கும்மா. பரிட்சையில நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பிடுங்கினாள். அதுவும் லேசில் வரவில்லை, அவ்வளவு ஆழமாக நட்டிருந்தாள் கழுதை. மூச்சைப் பிடித்து இழுத்ததில் கம்பு திடீரென்று கையோடு வந்து, கோட்டும் குஞ்சமுமாகப் பின்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். ஸ்பெயின் கொடி முகத்தை மூடிக்கொண்டது. ஊரே சிரித்தது, அவளும் கொடிக்குள்ளிருந்து சிரித்தாள். எழுந்து, கம்பைப் படகுக்குள் போட்டுவிட்டு, மாலுமிகளையும் இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, மெதுவாகக் கேட்டாள்.

"நாங்க இங்க எறங்கலாங்களா?"

நாட்டார் கவியரசனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சிப்பி மாலையைச் சரிசெய்துகொண்டு அவன் இரண்டு அடி முன்னால் வந்தான். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தும் சொல்ல முடியாமல் தொண்டையிலேயே தங்கிப்போன வசனம். மூச்சை இழுத்துக் கையை அகல விரித்து, அலைச் சத்தத்துக்கு மேலே சொன்னான்.

"வாருங்கள்."

நான் எத்தனையோ ஆண்டு விழாக்களில் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்கு அப்படிக் கைதட்டல் கேட்டதில்லை. அதிகாரியும் எழுந்து நின்று தட்டினார். தீவு மக்களும் ஸ்பானியர்களும் நாட்டாரும் பஹ்ரைன்காரரும் ஒன்றாகத் தோள் கொடுத்துப் படகைத் தள்ளிவிட்டோம். நானும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். எனக்கு இருப்பதே அந்த ஒரு பட்டுப்புடவைதான், அதன் கரையில் இன்னமும் கடல் உப்பின் வெள்ளைக் கோடு இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தேன்.

படகு போனபிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நடிப்பு பிரமாதம், ஆனால் கடைசியில் தவறு செய்துவிட்டீர்கள், கொலம்பஸ் அப்படிக் கேட்கவும் இல்லை, கொடியைப் பிடுங்கவும் இல்லையே என்றார்.

"தெரியும் சார்" என்றேன். தலைமையாசிரியர் இளநீரை நீட்டி அவரை ஜீப்புக்கு அழைத்துப்போய்விட்டார்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் குமரவேல் போன் செய்தார். இழுவைப் படகுகள் தூரத்தில் தெரியும்போதே போய்ச் சேர்ந்துவிட்டேன், வலை முழுசாகக் கிடைத்தது, நண்டும் நன்றாகப் பட்டிருக்கிறது என்றார். நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். என் வீட்டுக்காரர் வந்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். கொலம்பஸ் வீட்டிலிருந்து என்றேன்.

அடுத்த வகுப்பில் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீவு மக்கள் கொலம்பஸுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள், பஞ்சு நூலும் கிளியும் கொடுத்தார்கள். அவர் கொடியை நட்டு, அவர்களுக்குப் புரியாத மொழியில் நிலத்தைச் சொந்தம் என்று அறிவித்தார். போகும்போது அவர்களில் சிலரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் தங்கம் தோண்ட அவர்களை அடிமை வேலை வாங்கினார்கள், புதுப்புது நோய்களும் வந்தன. ஒரு தலைமுறைக்குள் அந்தத் தீவுகளில் ஊர் ஊராக ஆட்கள் இல்லாமல் போனார்கள். முன்பும் இதைச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அன்று ஒருவரும் எழுதவில்லை. கவியரசன் எழுந்தான்.

"அவங்களும் எங்க மாமா மாதிரி மொதல்ல தண்ணிதானே டீச்சர் குடுத்தாங்க?"

ஆமாம் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். கடலோரத்து மக்கள் வருகிறவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறார்கள், அங்கேயும் இங்கேயும். குடித்துவிட்டு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் வரலாறு. இதைப் படிப்பதற்கு எனக்கு அத்தனை வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை மணியடித்ததும் வகுப்பு வாசலில் நின்றேன். வழக்கமாக விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாக்பீஸை எடுப்பவள் நான். தாமதமாக வரும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பார்களே, அதே இடத்தில் நின்று நான் கேட்டேன்.

"உள்ளே வரலாமா?"

டீச்சருக்குக் கடற்கரை வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு முதல் வரிசையிலிருந்து சங்கீதா எழுந்தாள். வாசல்வரை வந்து, நாட்டார் நின்றது போலவே இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறம் சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

குடித்தேன். பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் அந்த வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். திங்கட்கிழமை நீங்களும் போய் நில்லுங்கள். பிள்ளைகள் தண்ணீர் கொடுப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதிலை மட்டும் வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள்.